ஹார்மோன் சிகிச்சைக்கு முந்தைய மதிப்பீடு: சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

சென்னையில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில், வயதுவந்த திருநர்களுக்கான ஹார்மோன் சிகிச்சையை மனநலப் பிரிவும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும் சேர்ந்து நடத்துகின்றன. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி நான். அங்கே மதிப்பீட்டை முடித்து, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி எடுத்துவருகிறேன். எங்களைப் போன்றோர் குறைவாகவே வந்துபோகும் பிரிவு என்பதால் எழுதியவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. ஆகவே மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். ஹார்மோன் மருத்துவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மனநல மதிப்பீட்டை மட்டும் வேறு இடத்தில் முடித்துக்கொண்டு அங்கே போவது நல்லது.

மனநலப் பிரிவில் முதலில் கையில் தருவது ஒரு சம்மதப் படிவம். அதில் நோயின் பெயர் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்று அச்சாகியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே அந்தப் பெயர் கைவிடப்பட்டு, ஜெண்டர் டிஸ்போரியா என்று மாறிவிட்டது. ஒருவருடைய அடையாளம் கோளாறு அல்ல, அதையொட்டி எழும் உளைச்சலே மருத்துவர் கவனிக்க வேண்டியது என்பது அந்த மாற்றத்தின் பொருள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இன்னும் ஒரு படி மேலே போய், இதை மனநலக் கோளாறுகளின் அத்தியாயத்திலிருந்தே எடுத்துவிட்டு, பாலியல் ஆரோக்கியம் தொடர்பான நிலைகளைப் பேசும் 17ஆவது அத்தியாயத்தில், பாலின இசைவின்மை என்ற பொருள்படும் பெயரில், எச்ஏ60 என்ற குறியீட்டுடன் சேர்த்திருக்கிறது. ஹார்மோன் தொடங்கலாம் என்று மனநலப் பிரிவு எனக்குத் தந்த கடிதத்திலோ பழைய ஐசிடி-10இன் எஃப்64.0 தான் இருக்கிறது. எஃப் என்று தொடங்கும் குறியீடுகள் அனைத்தும் மனநலக் கோளாறுகளுக்கு உரியவை. அந்தக் காகிதம் நாளைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்கும் போகும் என்பதால், வெறும் எண்தானே என்று விட்டுவிட முடியவில்லை. கேட்டபோது கணினியில் அதுதான் வருகிறது என்றார்கள். அதை நம்புகிறேன், ஆனால் கடிதத்தின் வாசகத்தைக் கணினி எழுதுவதில்லையே.

குறியீட்டைவிட என்னைச் சங்கடப்படுத்தியவை கேள்விகள். சிறுவயதில் பல்லாங்குழி ஆடினாயா, தெருவில் பையன்களோடு கிரிக்கெட் ஆடினாயா, வயதுக்கு வந்தபோது சடங்கு செய்தார்களா, அன்று பட்டுப்பாவாடை கட்ட மறுத்தாயா என்று ஒரு பட்டியல் நீண்டது. எனக்குப் பல்லாங்குழி மிகவும் பிடிக்கும் என்ற பதிலை மருத்துவர் சற்று ஐயத்துடனேயே குறித்துக்கொண்டார். பாலினத்துக்கு மாறுபட்ட நடத்தையும் விருப்பங்களும் மட்டுமே இந்த நோயறிதலுக்கு அடிப்படை ஆகா என்று ஐசிடி-11 வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பிறகு, ஓராண்டு ஆணாக வாழ்ந்து காட்டிவிட்டு வந்தால் கடிதம் தருவதாகச் சொன்னார்கள். குரல் உடையாமல், மீசை அரும்பாமல், ஆணாக வாழ்ந்து காட்டுவது இந்த ஊரின் பேருந்துகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் எப்படி நடக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. டபிள்யூபாத் எனப்படும் திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதல்களில், ஹார்மோன் தொடங்கும் பெரியவர்களுக்கு அத்தகைய நிபந்தனை கிடையாது. பாலின இசைவின்மை தெளிவாகவும் நீடித்தும் இருக்கிறதா, அப்படித் தோன்றுவதற்கு வேறு காரணம் உண்டா, சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய உடல், மன நலச் சிக்கல்கள் உள்ளனவா, குழந்தைப்பேற்றின் மீதான விளைவு புரிந்திருக்கிறதா, சம்மதம் தரும் திறன் இருக்கிறதா என்பனவே அது பார்க்கச் சொல்பவை. குரோமோசோம் பரிசோதனையும் எழுதித் தந்தார்கள். ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுக்குள் அடங்காத இடைப்பால் நிலைக்கான அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அது வழக்கமாகத் தேவைப்படாத செலவு.

என்னை உண்மையில் மதிப்பீடு செய்தவர் ஹார்மோன் மருத்துவர் என்றே சொல்வேன். நிறுத்தினால் மீள்பவை எவை, மீளாதவை எவை என்று ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, என்னையே நிரப்பச் சொன்னார். உடைந்த குரல் மீளாது, முளைத்த தாடி முழுதும் போகாது, நின்ற மாதவிடாய் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று நான் எழுதியதைப் படித்த பிறகே பேச்சைத் தொடர்ந்தார். மாதவிடாய் நின்றுவிட்டாலும் டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தாகாது என்பதையும், கருமுட்டையைச் சேமிக்க விரும்பினால் ஊசி தொடங்கும் முன்பே யோசிப்பது நல்லது என்பதையும் நானாகக் கேட்காமலேயே சொன்னார். வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று அவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சஸ்டனான் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி மருந்து கடலை எண்ணெயில் கலந்து வருவது என்று விளக்கினார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் ஊசியும் உண்டு. விலை அதிகம் என்றாலும் இரத்தத்தில் ஹார்மோன் அளவு ஏறி இறங்குவது குறைவு என்று சொல்லி, தேர்வை என்னிடமே விட்டார்.

கண்காணிப்பிலும் குறை சொல்ல முடியாது. முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைக் கெட்டியாக்கக்கூடும் என்பதால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோகிரிட் அளவைத்தான் முதலில் பார்க்கிறார். அதே காரணத்துக்காகப் புகைபிடிப்பதைப் பற்றியும் ஒவ்வொரு முறையும் விசாரிக்கிறார். என்னுடன் வந்திருந்த திருநங்கைத் தோழி மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கித் தானாகவே விழுங்கிவந்தவள். அவற்றில் பொதுவாக இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுகிறது என்று மருத்துவர் திட்டாமல் எடுத்துச் சொல்லி, எஸ்ட்ராடையால் வேலரேட் என்ற வேறொரு வகை ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்றினார்.

வரவேற்பில் ஆதார் பெயரைத்தான் உரக்கக் கூப்பிடுகிறார்கள். செவிலியர் ஒருவர் மட்டும், “என்ன பேர்ல கூப்பிடட்டும் தம்பி?” என்று கேட்டு, கோப்பின் மேலட்டையில் பென்சிலால் எழுதிவைத்தார், அன்று முதல் ஊசி அறையில் அந்தப் பெயர்தான். பதிவின்போது திருநர் அடையாள அட்டையைக் கேட்டால், சிகிச்சை தொடங்க அது வேண்டியதில்லை என்று சொல்லலாம். நான் சொன்னேன், அவர்கள் வற்புறுத்தவில்லை.

ஹார்மோன் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் 900 ரூபாய். மனநலப் பிரிவில் ஒவ்வோர் அமர்வுக்கும் 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். எத்தனை அமர்வு என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. செலவு தாங்காதவர்கள் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்காக உள்ள பிரிவை முதலில் அணுகலாம். வெளியிலிருந்து கொண்டுவரும் மனநல மருத்துவரின் கடிதத்தை நான் போகும் தனியார் மருத்துவமனையில் ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் எச்ஏ60 என்று எழுதித் தரும்படி கடிதம் தட்டச்சாகும் முன்பே கேட்டுவிடுங்கள்.