ஈஎம் 2040 மல்டிபீம்: கருவி கெட்டி, மீதி கப்பல் கையில்

பைப்லைன், கேபிள் ரூட், காற்றாலைத் தளம் என்று 12 மணி நேர ஷிப்டில் இரவு பகலாக லைன் (நேர்கோட்டு அளவைப் பாதை) ஓடும் சர்வே கப்பல்களில், ஒலியை விசிறிபோல விரித்து கடல்தரை ஆழத்தை அளக்கும் கோங்ஸ்பெர்க் ஈஎம் 2040 மல்டிபீம் பழகிய முகம். 200 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்கும்.

டேட்டாஷீட்டில் உள்ள 600 மீட்டர் ஆழக் கணக்கை அப்படியே நம்பி வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குளிர்ந்த கடலுக்கான எண். செங்கடல் மாதிரி சூடும் உப்பும் கூடிய நீர் இந்த அலைவரிசையில் ஒலியை நன்றாகவே விழுங்கிவிடும். 140 டிகிரி ஸ்வாத்தும் (ஒலி விசிறி விரியும் அகலம்) இதே கதைதான். ஆழத்தைப் போல ஐந்தரை மடங்கு அகலம் கிடைக்கும், ஆனால் ஓரத்து பீம்கள் (ஒலிக்கற்றைகள்) இரைச்சலாக வரும். 120 டிகிரிக்குக் குறைத்தால் மூன்றரை மடங்கு. அதில் ஓவர்லேப்பை (பக்கத்து லைனோடு மேற்படியும் பகுதி) கழித்து லைன் இடைவெளி போடுங்கள்.

0.4 டிகிரி பீம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? 50 மீட்டர் ஆழத்தில் அதன் பீம் தரையில் 35 செ.மீ. அகலத்தில் விழும், 0.7 டிகிரி என்றால் 61 செ.மீ. கேபிள் தேடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். 15 மீட்டர் துறைமுக வேலைக்கு 0.7 தாராளம்.

இந்தக் கருவியின் பெயர் கெடுவது பெரும்பாலும் ஒலி வேகம் அளக்கும் ஒரு சின்ன புரோபால். டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) முகம் தட்டையானது என்பதால் பீமின் கோணத்தைக் கணக்கிட, அந்த இடத்து நீரின் ஒலி வேகம் நொடிக்கு நொடி தேவை. பல கப்பல்களில் இந்த புரோப், கடல்நீரை பம்ப் இழுத்துவரும் குழாயில் உட்கார்ந்திருக்கும். வடிகட்டியில் ஜெல்லிமீன் அடைத்தால் குழாயில் நிற்கும் நீர் எஞ்சின் அறைச் சூட்டில் மெல்லச் சூடேறும். திரையில் ஒலி வேகம் நொடிக்கு 1538 மீட்டர் என்று இருந்தது 1540, 1542 என்று ஏறும், அலாரம் எதுவும் அடிக்காது. கருவியை நீரில் இறக்கி (டிப்) எடுத்த எஸ்விபியில் (ஆழவாரி ஒலி வேக அளவு) அதே ஆழத்து மதிப்போடு ஒப்பிடுங்கள். நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் விலகினால் லைனை நிறுத்திவிட்டு முதலில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மேலிருந்து தரை வரையான எஸ்விபி தப்பாகிப்போனால் பிறகு ஆபீசில் திருத்திக்கொள்ளலாம். இந்த புரோப் மதிப்பு தப்பாகிப்போனால் பெரும் பாடு.

தட்டையான தரையில் இரண்டு ஓரமும் ஒரே பக்கம் வளைந்தால் ஒலி வேகக் கோளாறு. ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) கோளாறு. 100 மீட்டர் ஆழத்தில் ரோல் 0.1 டிகிரி பிசகினாலே 60 டிகிரி ஓரத்தில் 30 செ.மீ. பிழை. இந்தப் பிசகுகளைக் கண்டுபிடிக்கும் சோதனைதான் பேட்ச் டெஸ்ட். ரோலுக்கு சமதளத்தில் ஒரே லைனை எதிரெதிர் திசையில் ஓட வேண்டும். பிட்சுக்கும் (முன்பின் சாய்வு) அப்படியே, ஆனால் சரிவான தரையில். ஹெட்டிங் (மூக்கின் திசை) பிசகுக்கு, ஒன்றுக்கொன்று இணையான இரண்டு லைன், நடுவே ஏதாவது ஒரு பொருள். கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசரைக் கழற்றி மாட்டினால் பேட்ச் டெஸ்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். போன வாரத்து எண்கள் உதவாது.

பாராட்ட வேண்டியது யா ஸ்டெபிலைசேஷன் (மூக்கு இடம் வலம் திரும்புவதை ஈடுகட்டும் வசதி). கப்பல் மூக்கை ஆட்டினாலும் தரையில் இடைவெளி விழுவதில்லை. வாட்டர் காலம் (தரைக்கு மேலுள்ள நீரிலிருந்து வரும் எதிரொலி) பதிவை மட்டும் தேவையில்லாமல் ஓடவிடாதீர்கள், டிஸ்க் காலையிலேயே நிரம்பிவிடும்.

200 கிலோஹெர்ட்ஸில் திடீரென்று சீரான இடைவெளியில் புள்ளிகள் தெறித்தால் கப்பல் ஓட்டும் பிரிட்ஜில் உள்ள எக்கோசவுண்டரை (கப்பலின் சொந்த ஆழமானி) சந்தேகியுங்கள். அணைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆழம் குறைந்த இடத்தில் கேப்டன் சம்மதிக்கமாட்டார். அங்கே 300 கிலோஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியது நாம்தான்.