நாக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்த வேர்: வேர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது, உறையும் போட்டாயிற்று. பத்தாவது வாரம் அதே பல்லில் கடித்தால் சுருக்கென்று குத்தியது. மருத்துவர் உறையின் மேற்பரப்பைத் தேய்த்து அனுப்பினார். மறுபடி போனேன், மறுபடி தேய்த்தார். மூன்றாம் முறை மாத்திரை எழுதித் தந்து, "பல்லில் ஒன்றும் இல்லை, நீங்கள்தான் பயப்படுகிறீர்கள்" என்றார். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதம் ஈறில் கடுகளவு கொப்புளம் கிளம்பியது. அழுத்தினால் உப்புக் கரிக்கும் சீழ். அதைக் காட்டியபோது, பல்லைப் பிடுங்கிவிடலாம் என்றார்.

மனம் ஒப்பாமல் வேர் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்ற வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே கருவியைச் சற்றுச் சாய்த்து ஒரு படம் எடுத்தார். பென்சில் நுனியால் திரையில் தொட்டுக் காட்டினார்: பின்வேரை ஒட்டி இன்னொரு மெல்லிய கோடு. இந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள்தாம். சிலருக்கு நாக்குப் பக்கம் மூன்றாவதாக ஒரு சிறு வேர் இருக்கும். நேராக எடுத்த படத்தில் அது பின்வேருக்குப் பின்னால் மறைந்துவிடும். முப்பரிமாண ஸ்கேன் அதை உறுதி செய்தது. உறையைக் கழற்றி, துவாரத்தை நாக்குப் பக்கமாக விரித்ததும் நுண்ணோக்கியில் அந்த வேரின் குழல் தெரிந்தது: வேருக்குள் நரம்பு ஓடும் பாதை அது. ஒரே வேரில் இரண்டு குழல்கள் இருப்பதும் உண்டு என்பதால் இது நான்காவது. உள்ளே விட்ட மெல்லிய கம்பி அழுகிய திசுவோடு வெளியே வந்தது. முகக்கவசம் போட்டிருந்த உதவியாளரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்படியொரு வேர் முதல்முறை கண்ணில் படாமல் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறை வலியோடு போய் உட்கார்ந்தும் கோணத்தை மாற்றி ஒரு படம் எடுக்காததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உறை போடும் முன்பே கேட்டுவிடுங்கள்: எத்தனை குழல்கள் கிடைத்தன, சாய்கோணத்தில் படம் எடுத்தீர்களா? மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லில், கன்னப் பக்கத்து முன்வேரில் இரண்டாவது குழல் இருப்பது மிகச் சாதாரணம், தவறவிடுவதும் அதையே. கீழ்த்தாடை இரண்டாவது கடைவாய்ப்பல்லில் குழல்கள் ஒன்றுசேர்ந்து பிறை வடிவில் ஓடுவதும் உண்டு. படங்களை அன்றே கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் பிறகு கேட்டபோது, அழித்துவிட்டோம் என்றார்கள்.

கொப்புளம் வற்றிவிட்டது. ஆறாம் மாதப் படத்தில் வேர்நுனியைச் சுற்றி, தொற்றைக் காட்டிய கருநிழல் சுருங்கியிருக்கிறது. பிடுங்கச் சொன்ன அதே பல்லால்தான் இப்போது மென்று சாப்பிடுகிறேன்.