குளிர்காலத்தில் வீட்டு ஆர்க்கிட்: ஜன்னலா விளக்கா, பட்டையா பாசியா?

வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் குளிர்காலம் நெருங்கினாலே செடி குளிரில் வாடிவிடுமோ என்று பதறுகிறார்கள். நான் பார்த்தவரை, அந்த மாதங்களில் செத்துப்போகும் செடிகளில் பெரும்பாலானவை வேர் அழுகித்தான் சாகின்றன. பகல் சுருங்கியதும் செடி உணவு தயாரிப்பது குறைகிறது. அதற்கேற்ப தண்ணீர் உறிஞ்சுவதும் குறைகிறது. நாமோ கோடையில் ஊற்றிய அளவையே தொடர்ந்து ஊற்றுகிறோம். கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் அதனால் ஒரே கேள்வியைத்தான் முன்னால் வைக்கிறேன்: இந்தச் செடிக்கு இப்போது எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது?

ஜன்னலா, விளக்கா?

வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த ஜன்னல், தென் அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த ஜன்னல். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால், வெயில் அறைக்குள் நன்றாக நீண்டு விழும் இடம் இதுதான். கோடையில் இலையைச் சுட்டுவிடும் அதே இடம் இப்போது பொருத்தமாகிவிடுகிறது. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஆர்க்கிட் வகையான ஃபலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். கேட்லியா என்ற வகை ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு கேட்கும்.

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பெருமளவு விழுந்துவிடும். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அந்த இழப்பு நமக்குத் தெரிவதில்லை. செடிக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கலான நிழல் இலைமேல் விழுந்தால் ஃபலனாப்சிஸுக்குச் சரி. நிழலே தெரியாவிட்டால் அந்த இடம் எந்த ஆர்க்கிடுக்கும் போதாது. இலையின் நிறமும் சொல்லும்: கரும்பச்சை என்றால் வெளிச்சப் பசி, சற்றே மஞ்சள் கலந்த வெளிர்பச்சை என்றால் நல்லது, செம்மை ஏறினால் அதற்குமேல் வேண்டாம்.

ஜன்னலின் ஆபத்து இரவில் இருக்கிறது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே செடி மாட்டிக்கொண்டால், அறை கதகதப்பாக இருந்தாலும் அந்த இடுக்கில் வெப்பம் வெகுவாக இறங்கும். ஃபலனாப்சிஸுக்கு இரவில் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குளிர் தாக்கிய இலையில் பள்ளம் பள்ளமாகக் குழி விழும், பிறகு அது கருக்கும். ஆனால் அது தெரியவருவது சில வாரங்கள் கழித்துத்தான். அதற்குள் குளிரை மறந்துவிட்டு, நோய் என்று நினைத்து மருந்து தெளிக்கிறோம். இலை கண்ணாடியைத் தொடாமல் இருக்கட்டும். ராத்திரி திரையைச் செடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் இழுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு அடியில் ஹீட்டர் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடலாம். கீழிருந்து எழும் சூடான வறண்ட காற்று மொட்டுகளை உதிர்த்துவிடும்.

எல்.இ.டி. விளக்கு இந்தத் தொல்லைகள் எதையும் தருவதில்லை. சாதாரண வெள்ளை ஒளியே போதும். ஊதா நிற விளக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை; அந்த ஒளியில் இலையின் உண்மையான நிறமும் தெரியாது, இலைக்கடியில் ஊரும் சிலந்திப் பேனும் தெரியாது. இலைக்கு 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் மாட்டி, டைமர் வைத்து 12 மணி நேரம் எரியவிடுங்கள். தூரம் கூடக்கூட ஒளி வேகமாகக் குறையும் என்பதால், கூரையில் எரியும் அறை விளக்கைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இரவிலும் எரியவிட்டால் இன்னும் நன்றாக வளருமே என்று தோன்றலாம். ஃபலனாப்சிஸ் தன் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குவது பெரும்பாலும் இரவில்தான். அதைச் சேமித்துவைத்து, பகல் ஒளியில் உணவாக்குகிறது. இருட்டு அதற்கு வேலை நேரம்.

என் முடிவு இது. வெயில் படும் ஜன்னல் இருக்கிறதா, வளர்ப்பது ஃபலனாப்சிஸோ, செருப்பு வடிவில் பூக்கும் பேஃபியோபெடிலமோ மட்டுமா, விளக்குக்குச் செலவு செய்ய வேண்டாம். மாதக்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும் ஊரில், அல்லது வெயிலுக்கு முதுகு காட்டிய வீட்டில், விளக்குக்கு ஈடு எதுவும் இல்லை. கேட்லியா வளர்ப்பவர் யோசிக்காமல் விளக்கு வாங்கலாம்.

பட்டையா, பாசியா?

தொட்டியில் எதை நிரப்புவது என்ற இந்தக் கேள்விக்கு ஆண்டு முழுவதற்குமான பதில் கிடையாது. குளிர்காலத்துக்கு உண்டு.

ஃபலனாப்சிஸின் வேர் மண்ணுக்கென்று உருவானதல்ல. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு காற்றில் தொங்கும் வேர் அது. மேலே வெலமன் என்ற பஞ்சுபோன்ற உறை. மழை பட்டதும் சட்டென்று உறிஞ்சும், பிறகு காற்றில் உலரும். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்ததும் பச்சை. ஒளி ஊடுருவும் தொட்டியில் வைத்திருந்தால், எப்போது தண்ணீர் வேண்டும் என்று வேரே காட்டிவிடும். நாட்காட்டியில் குறித்துவைத்து ஊற்றுவதைவிட இது எத்தனையோ மேல்.

மரப்பட்டையின் துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்கும். ஊற்றிய தண்ணீர் ஓடிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் தொட்டி காயும். ஸ்ஃபேக்னம் பாசி தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். கோடையில் அது வசதி. மங்கிய வெளிச்சத்தில், குளிர்ந்த அறையில், மேலே தொட்டால் காய்ந்திருக்கும் பாசி நடுவில் வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். வேர் அங்கேதான் அழுகத் தொடங்குகிறது. ஆகவே ஜன்னலோரச் செடிக்குப் பட்டை. விளக்கின் கீழ், ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் இருக்கும் செடிக்குப் பாசியும் நன்றாகவே ஒத்துப்போகும், தளர்வாக நிரப்பியிருந்தால்.

கடையிலிருந்து பூவோடு வரும் செடிகள் பல, இறுக்கி அடைத்த பாசியில்தான் வருகின்றன. உடனே பிரித்து மாற்ற வேண்டாம். பூக்கும் செடியைத் தொந்தரவு செய்தால் மொட்டு கொட்டும். பூ முடிந்து புது வேர் கிளம்பும்வரை பொறுங்கள். அதுவரை தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை நன்றாகக் குறைந்த பிறகே ஓரமாகக் கொஞ்சம் ஊற்றுங்கள். வேர் ஏற்கெனவே அழுகியிருந்தால் மட்டும் காலம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஐஸ் கட்டி வைப்பதா, தண்ணீரில் ஊறவைப்பதா என்ற சண்டையும் இதோடு ஒட்டியது. ஐஸ் வைத்தால் செடி செத்துவிடும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பட்டையில் வளர்ந்த ஃபலனாப்சிஸுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தபோது பூக்கள் நிலைத்த காலம் குறையவில்லை. ஐஸ் அளவுக்கு மீறி ஊற்றும் கையைக் கட்டிப்போடுகிறது. அதுதான் அதன் பலம். ஆனாலும் என் வாக்கு ஊறவைப்பதற்கே. அறையின் சூட்டில் இருக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் தொட்டியை வைத்து, முழுக்க வடியவிட்டால், எல்லா வேரும் ஒரே சீராக நனையும். மேலிருந்து தாராளமாக ஊற்றி அவ்வப்போது கழுவிவிட்டால், படிந்த உர உப்பும் வெளியேறும். மூன்று கட்டி ஐஸால் அது முடியாது. எப்படி ஊற்றினாலும் ஃபலனாப்சிஸின் குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். தேங்கினால் காகிதத்தின் முனையால் ஒற்றி எடுங்கள். குளிரில் குருத்து அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம்.

தெளிப்பானா, கூழாங்கல் தட்டா, ஈரப்பதமூட்டியா?

சூடேற்றிய அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். ஆர்க்கிட் விரும்புவது 50 முதல் 70. தண்ணீர் தெளிப்பதன் பலன் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும், குருத்தில் மட்டும் நீர் நிற்கும். கூழாங்கல் தட்டு தீங்கு செய்யாது, தொட்டியின் அடி நீரைத் தொடாதவரை. ஆனால் அது கூட்டித்தரும் ஈரம் மிகச் சொற்பம். உண்மையில் அளவை மாற்றுவது ஈரப்பதமூட்டி ஒன்றுதான். அதை வாரந்தோறும் கழுவ வேண்டும், கூடவே காற்று அசைய ஒரு சிறு மின்விசிறியும் வேண்டும், இல்லாவிட்டால் இதழ்களில் பூஞ்சைப் புள்ளி விழும். அல்ட்ராசோனிக் வகையில் உப்புத்தண்ணீர் ஊற்றினால் இலையெல்லாம் வெள்ளைப் பொடி படியும்.

இங்கே நான் பலரோடு முரண்படுகிறேன். வேர் நன்றாக இருக்கும் ஃபலனாப்சிஸ், 40 சதவீத ஈரப்பதத்தில் நன்றாகவே பூக்கும். விளக்கு, ஈரப்பதமூட்டி இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் விளக்கை வாங்குங்கள்.

கதகதப்பா, குளிர் ஓய்வா?

இது செடியின் வகையைப் பொறுத்தது; வகை தெரியாமல் செய்யும் பராமரிப்பு வீண். ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட, வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் நீடித்தால் போதும். பேஃபியோபெடிலத்துக்கு நீரைச் சேமிக்கும் தண்டு இல்லை. அதனால் எந்தப் பருவத்திலும் முற்றாகக் காயவிடக் கூடாது.

டென்ட்ரோபியம் நோபிலி இதற்கு நேர்மாறு. இலையுதிர் காலத்தில் வளர்ச்சி முடிந்ததும் அதற்கு உரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பெருமளவு குறைத்து, இரவில் 10 முதல் 13 டிகிரி இருக்கும் வெளிச்சமான இடத்தில் விட வேண்டும். தண்டு லேசாகச் சுருங்கும், சில இலைகள் பழுத்து விழும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இரக்கப்பட்டு அப்போது தண்ணீரும் உரமும் கொடுத்தால், பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். மொட்டு உருண்டையாகத் தெளிவாகத் தெரிந்த பிறகே பழைய அளவுக்கு ஊற்றத் தொடங்குங்கள். சிம்பிடியமும் குளிர்ந்த இரவுகளைக் கேட்கும், ஆனால் அதை இந்த அளவுக்குக் காயப்போடக் கூடாது.

ஃபலனாப்சிஸ் சாயலில் பூக்கும் டென்ட்ரோபியங்களோ கதகதப்பை விரும்புபவை. அவற்றை நோபிலியோடு சேர்த்துக் குளிரில் வைத்தால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். வாங்கும்போதே எந்த டென்ட்ரோபியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கின் கீழ் வளர்ந்துகொண்டிருக்கும் செடிக்குக் கால் பங்கு அளவு, மங்கிய ஜன்னலில் இருப்பதற்கு மாதம் ஒருமுறை அல்லது அதுவும் இல்லை.

குளிர் விலகும் நேரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கும். மூன்று நான்கு மாதம் மெல்லிய வெயிலுக்குப் பழகிய இலை, உயர்ந்து வரும் சூரியனை ஒரே நண்பகலில் தாங்காது. வெளுத்த திட்டாகக் கருகிவிடும். பகல் நீளத் தொடங்கியதுமே மெல்லிய திரை ஒன்றைத் தொங்கவிட்டு, மதிய வெயிலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், செடியை ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள்.