பல் வெளுக்கும் ஜெல்: மூன்று வருஷத்துக்குப் பிறகு என் முன்பல்

"அத்தை, நீங்க பல்லுக்குப் போட்டீங்களே அந்த ஜெல்லு, நானும் போட்டுக்கட்டுமா? தையில கல்யாணம். போட்டோவுல பல்லு மஞ்சளாத் தெரியுது" என்று அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள். அதற்கு நாலு நாள் முன்புதான் என் முன்பல் ஃபில்லிங்குக்குப் பாலிஷ் போட்டுவிட்டு எரிச்சலோடு வீட்டுக்கு வந்திருந்தேன். அவளுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. யோசித்து எழுதுகிறேன், அவளைப் போலக் கேட்கிற மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

திருபுவனத்தில் பட்டுப்புடவைக் கடையில் இருபது வருஷமாக விற்பனையில் இருக்கிறேன். அரக்குக்கும் மெரூனுக்கும், சந்தனத்துக்கும் ஹாஃப் ஒயிட்டுக்கும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் வித்தியாசம் சொல்வதுதான் பிழைப்பு. அடுத்தவர் கண்ணுக்குப் படாத நிறப் பிசிறு என் கண்ணில் முள்ளாகக் குத்தும்.

2022 டிசம்பரில் ஒரு பல் கிளினிக்கில் தொடங்கினேன். மாவு மாதிரி ஒன்றை வாயில் வைத்து அச்செடுத்து, பல்லுக்குக் கச்சிதமாக மெல்லிய ட்ரே செய்து கொடுத்தார்கள். கூடவே சிரிஞ்சில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது வாய்க்குள் பிரிந்து ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது, மீதி யூரியா. இந்த பெராக்சைடு பல்லைச் சுரண்டுவதில்லை. பல்லின் மேலோடான எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கிற டென்டின் என்ற அடுக்கு வரை ஊடுருவி, அங்கே நிறம் தரும் பொருள்களை உடைக்கிறது. பல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் இறங்கும். இரவில் ட்ரேயில் வைத்துத் தூங்கும் இந்த முறையை ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். புதுச் சரக்கு இல்லை.

பலன் உண்டா என்றால், உண்டு. பல் மருத்துவர்கள் நிறம் ஒப்பிடும் அட்டையில் மஞ்சள் கூடிய ஏ3-ல் இருந்த பல் மூன்று வாரத்தில் அதைவிட வெளிறிய ஏ1-க்கு வந்தது. காபி குடித்து வளர்ந்த கும்பகோணத்துப் பல் இப்படி மாறும் என்று நான் நினைத்ததே இல்லை. கடையில் புடவையைத் தோளில் போட்டுக் காட்டிச் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கிற பழக்கம் என்னை விட்டே போனது. இதற்கு நான் கொடுத்த காசு முழுக்கத் தகும்.

பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ஆசையில் ஜெல்லை அதிகமாக வைத்துவிட்டேன். காலையில் ட்ரேயை எடுத்தால் மேல் ஈற்றில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக ஒரு திட்டு, காந்தல் வேறு. மறுநாளே சரியாகிவிட்டது. அப்புறம் ஒரு பல்லுக்கு ஓர் அரிசி அளவு, ட்ரேயை மாட்டியதும் வெளியே வழிகிறதை விரலால் துடைத்து எடுப்பது என்று பழகினேன். நாலாம் நாள் கூச்சம் வந்தது. ஸ்கூட்டியில் போகும்போது பனிக்காற்று பட்டாலே முன்பல்லில் ஊசி ஏற்றியது போல இருந்தது. பெராக்சைடு மிகச் சின்ன மூலக்கூறு, சில நிமிஷத்திலேயே பல்லின் உள்நரம்பு வரை போய்விடும். அதனால் வருகிற கூச்சம் இது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைக்கச் சொன்னார்கள், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் கொடுத்தார்கள். ஜெல்லை நிறுத்திய மூன்றாம் நாள் கூச்சம் இருந்த இடம் தெரியவில்லை. சொத்தை இருந்தால் முதலில் அதை அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வலி வேறு மாதிரி இருக்கும். கர்ப்பிணிகளும் பள்ளிப் பிள்ளைகளும் இதைத் தொடவே வேண்டாம்.

நான் பயப்படுவது மற்றதற்குத்தான். எத்தனை சதவீதம் என்றே எழுதாத ஜெல்லை ஆன்லைனில் வாங்கி, எல்லோர் வாய்க்கும் ஒரே அளவில் வரும் ட்ரேயில் வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் அதைப் பல் மருத்துவருக்கு மட்டும்தான் விற்கலாம், 18 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது என்று 2012-லிருந்து விதி இருக்கிறது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்க்கிறவர்களை நினைத்தால் வயிறு பதறுகிறது. கரைந்த எனாமல் திரும்ப வளராது. இன்னொன்று, என் மாமியாருடைய வெற்றிலைக் கறைக்கு ஜெல்லே தேவைப்படவில்லை. அது பல்லின் மேலே படிந்த கறையும் காரையும்தான், ஒரு க்ளீனிங்கில் போய்விட்டது.

சரி, என் முன்பல்லுக்கு வருகிறேன்.

பதினோரு வயதில் ஆடிப்பெருக்கு அன்று காவிரிப் படித்துறையில் வழுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல் கீழ்ப்பாதி உடைந்துபோனது. காலேஜ் படிக்கும்போது ரெசின் என்ற பிளாஸ்டிக் மாதிரிப் பொருளில் ஃபில்லிங் வைத்து, பல்லின் நிறத்துக்கே பொருத்தி முடித்தார்கள். எங்கே பல் முடிகிறது, எங்கே ஃபில்லிங் தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. பெராக்சைடு பல்லை வெளுக்கும், ஃபில்லிங்கை வெளுக்காது, பீங்கான் கேப்பையும் வெளுக்காது. இந்த ஒரு வரியை அச்செடுத்த அன்று அந்த கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் கண்ணாடியில் பார்க்கிறேன், வெள்ளைப் பற்களுக்கு நடுவில் அரைப்பல் மட்டும் வெல்லக் கட்டி நிறத்தில் நிற்கிறது.

கேட்டதற்கு, "மாத்திடலாம்மா, ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றார்கள். ஜெல்லை நிறுத்திய மூன்றாம் நாளே பழையதை எடுத்துப் புதிதாக வைத்தார்கள். மாட்டுப்பொங்கல் அன்று கரும்பைக் கடித்தேன், ஃபில்லிங் கையோடு வந்துவிட்டது. கரும்பைக் கடித்தது என் தப்பு என்றார்கள். இருக்கலாம். ஆனால் பழைய ஃபில்லிங் பதினைந்து பொங்கலுக்குக் கரும்பு கடித்தது. அப்புறம் தஞ்சாவூரில் வேறொரு மருத்துவர்தான் விளக்கினார். வெளுத்த பல்லுக்குள் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அது போகும்வரை ரெசின் சரியாகப் பிடிக்காது, குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். வெளுத்து முடித்தவுடன் நிறமும் நிலையாக இருக்காது, வெண்மை சற்றுக் குறைந்துதான் நிற்கும் என்றார். பிப்ரவரியில் அவர் வைத்தது இன்றுவரை அசையவில்லை. அவர் கைக்குக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்போது கதை தலைகீழ். மூன்று வருஷக் காபியில், சாம்பாரில், வயதில் மற்ற பற்கள் மெல்ல மஞ்சளுக்குத் திரும்புகின்றன. இது எதிர்பார்த்ததுதான், வெளுப்பு நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஃபில்லிங் மட்டும் அதே வெள்ளையில் நிற்கிறது. மேலே ஏறியிருந்த கொஞ்சம் கறையும் போன மாதப் பாலிஷில் போய்விட்டதால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பல்லை அதற்கு ஈடாக வைக்க வருஷத்துக்கு ஒருமுறை ட்ரேயை எடுக்கிறேன். நாலைந்து இரவு போதும், மருத்துவர் சம்மதித்துத்தான் செய்கிறேன். ஆனாலும் அந்த நாலைந்து நாளும் காபி இல்லை, மஞ்சள்தூள் போட்ட குழம்பு இல்லை. இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மத்தியானம் தயிர்சாதமும். விடிகாலையில் வீட்டில் மற்றவர்களுக்கு டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனையை முகர்ந்துகொண்டு வெந்நீர் குடிக்கிறேன். அரைப்பல் அளவு ரெசினுக்காக இவ்வளவும்.

அண்ணன் மகளுக்கு முன்பல்லில் ஃபில்லிங் கிடையாது, சொத்தை கிடையாது, வயது இருபத்து நாலு. மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் "தாராளமா பண்ணிக்கோ" என்றுதான் நான் சொல்ல வேண்டும். மூன்று வாரத்தில் பலன் தெரியும், சரியாகச் செய்தால் ஆபத்து இல்லை, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டால் கூச்சமும் போயிருக்கும்.

ஆனால் நேற்று அவளிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் பல் சந்தன நிறம். கூறைப்புடவையின் ஜரிகைக்குப் பக்கத்தில் அது எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும், இருபது வருஷமாக மணப்பெண்களைப் பார்க்கிறேன். வெளுத்த பிறகு என் கண் என் பல்லில் மட்டும் நிற்கவில்லை. எதிரே யார் சிரித்தாலும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறேன். என் அம்மா சிரிக்கும் பழைய போட்டோவைக்கூட அப்படிப் பார்த்துவிட்டேன். இந்தக் கண் அவளுக்கு வேண்டாம். போய் ஒரு க்ளீனிங் மட்டும் செய்துகொள் என்றேன்.

"அப்ப நீங்க ஏன் அத்தை இன்னும் போடுறீங்க?" என்று கேட்டாள். "என் முன்பல்லுக்காகத்தான் கண்ணு" என்றேன். ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் சிரிஞ்சு இருக்கிறது, இன்னும் இரண்டு ராத்திரிக்கு ஜெல் வரும்.