வீட்டுத் தேவைக்கு ப்ரொயிலர் வளர்ப்பு: ஹோமாகமவில சில வருஷ அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளட்டை விட்டுட்டு ஹோமாகம பக்கம் சின்னக் காணி ஒண்டுக்கு மாறி வந்தப்பிறகு, 2021 கடைசியில இருந்து நாங்க வீட்டுச் சமையலுக்கு ப்ரொயிலர் வளர்க்கிறம். ஒரு தரத்துக்கு 25 குஞ்சு, அவ்வளவுதான், வீட்டுக்கும் ரெண்டு மூண்டு சொந்தக்காரருக்கும் காணும். சந்திக்கிற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிறது இதில லாபம் இருக்கோ எண்டுதான். காசு மிச்சம் பிடிக்கலாம் எண்ட எண்ணத்தோட தொடங்காதீங்கோ. நல்ல இறைச்சி வேணும், பகல்ல வீட்டில ஒரு ஆள் கட்டாயம் நிக்கும் எண்டா தாராளமா தொடங்குங்கோ.

கணக்கு இதுதான். ஒரு கோழி 2 கிலோ உயிர் எடைக்கு வர கிட்டத்தட்ட மூண்டரைக் கிலோ தீன் தின்னும், 25 கோழிக்கு வாங்கிற 50 கிலோ பை ரெண்டில கொஞ்சம்தான் மிஞ்சும். வெட்டித் துப்புரவாக்கினா 2 கிலோவில கையில வாறது ஒண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. செலவில பெரிய பங்கு தீன்தான், அதனால தீன் விலை ஏறினா எங்கட கணக்கும் ஏறும். 2023 நடுவில கடையில கோழி கிலோ 1500 தாண்டினப்போ எங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிஞ்சது, மற்ற நேரங்கள்ல கடை விலையும் எங்கட விலையும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

முதல் கிழமைதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது, இதை நான் ஒவ்வொரு தரமும் பாத்துட்டன். ஒருநாள் குஞ்சு 40 கிராம் சொச்சம்தான் இருக்கும், தன்ர உடம்புச் சூட்டைத் தானே பிடிச்சு வைக்க அதால ஏலாது. தரை மட்டத்தில 32, 33 பாகை இருக்கோணும், பிறகு கிழமைக்கு ரெண்டு மூண்டு பாகையா குறைச்சுக்கொண்டு வரலாம். தெர்மோமீட்டர் நல்லதுதான், ஆனா நான் நம்புறது குஞ்சுகளத்தான். சூட்டுக்குப் போட்ட பல்புக்கு நேர கீழ ஒண்டுக்கு மேல ஒண்டா ஏறிக் குவிஞ்சு கீச்சுக்கீச்செண்டு கத்தினா குளிர், சுத்தி மறைச்ச தகரத்தோட ஒட்டி வாயைத் திறந்துகொண்டு நிண்டா சூடு கூடிட்டுது, எல்லாம் ஒரே பக்கத்தில ஒதுங்கினா எங்கயோ இருந்து காத்து அடிக்குது, பரந்து படுத்திருந்து ரெண்டு மூண்டு போய்த் தின்னுறதும் குடிக்கிறதுமா இருந்தா சரி. கொண்டுவந்த அண்டு இரவு படுக்க முதல் அஞ்சாறு குஞ்சைக் கையில எடுத்து கழுத்தடியில தீன் சேர்ற பையை விரலால மெதுவா தொட்டுப் பாருங்கோ. மெத்தெண்டு நிறைஞ்சிருந்தா தின்னுது, குடிக்குது. கல்லு மாதிரி இருந்தா தண்ணி கண்டுபிடிக்கேல்ல, சொண்டைத் தண்ணியில தொட்டுக் காட்டோணும். வெறுமையா இருந்தா அந்தக் குஞ்சைத் தனியக் கவனிக்க வேணும். கீழ வழுவழுப்பான பேப்பரை மட்டும் விரிக்காதீங்கோ, கால் வழுக்கி அகண்டு போனா அந்தக் குஞ்சு பிறகு எழும்பாது.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்போ எங்களிட்ட சின்னக் குஞ்சுகள் இருந்துது. சட்டியில கரி மூட்டி, மேல தகரம் வைச்சு, ஒரு பக்கம் காத்துப்போக விட்டு இரவிரவா ஆள் மாறி ஆள் முழிச்சிருந்தம். கரி பாவிக்கிறதெண்டா மூடின அறையில வேண்டவே வேண்டாம், அந்தப் புகை குஞ்சுக்கும் கூடாது எங்களுக்கும் கூடாது.

அடுத்தது ஈரம். இந்தப் பக்கம் ஒக்டோபர், நவம்பர்ல பின்னேரம் பின்னேரம் இடியோட மழை, கூட்டுக்குள்ள போட்ட உமி தானா ஈரம் இழுக்கும். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பொத்திட்டுக் கையை விரியுங்கோ, உதிர்ந்தா நல்லம், உருண்டையா நிண்டா அண்டைக்கே கிளறி மேல புது உமி போடோணும். தண்ணிப் பாத்திரத்தைச் சுத்தித்தான் முதல்ல உமி கட்டியாகும், அதனால பாத்திரத்தைக் கோழியின்ர முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினா சிந்துறது பாதியாக் குறையும். ஈர உமியிலதான் கொக்சிடியோசிஸ் எண்ட குடல் ஒட்டுண்ணி நோய் வாறது, மூண்டாம் நாலாம் கிழமையில எச்சத்தில ரத்தம் கண்டா விடியட்டும் எண்டு பாத்திராம மிருக வைத்தியரிட்ட கேட்டு உடன மருந்து குடுக்கோணும். அமோனியா மணம் கண்ணைக் கரிச்சா உங்களுக்கு முதலே கோழிக்குக் கரிச்சிட்டுது, ஏனெண்டா அது மூச்சு விடுறது நிலத்துக்குக் கிட்ட. பக்கத்து வீடு கிட்ட இருக்கிற எங்களை மாதிரி ஆக்களுக்கு மணம் இல்லாம வைச்சிருக்கிறது மரியாதைப் பிரச்சினையும்தான். ஒரு கோழிக்கு ஒண்டரைச் சதுர அடி குடுங்கோ, ஒரு அடியில வளர்க்கலாம் எண்டு சொல்லுவினம், எங்கட வெக்கைக்கு அது நெருக்கம்.

கம்போரோ எண்ட வைரஸ் நோய்க்குத் தடுப்பு மருந்து தண்ணியிலதான் குடுக்கிறம், எந்த நாள் எண்டு வைத்தியர் சொல்லுவார், ரெண்டாம் கிழமை அளவில வரும். பைப் தண்ணியில குளோரின் இருக்கு, அது மருந்தைக் கெடுத்துப்போடும், கிணத்துத் தண்ணி எடுத்து, ஒரு லீட்டருக்கு ரெண்டரைக் கிராம் கொழுப்பில்லாத பால்மா கலந்து, அதுக்குப் பிறகுதான் மருந்து. ஒரு குப்பியில நூற்றுக்கணக்கான கோழிக்குக் காணுற மருந்து இருக்கும், கலந்தா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும், அதனால அக்கம்பக்கத்தில வளர்க்கிற ஆக்களோட கதைச்சு ஒரே நாளில குஞ்சு எடுத்தா பங்கு போடலாம்.

பெரிய கோழிக்கு எதிரி வெக்கை. அதுக்கு வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய விடும், காத்தில ஏற்கனவே ஈரம் நிறைய இருந்தா அதுவும் சரியா நடக்காது. அதனால கூட்டுக்குள்ள தண்ணி தெளிக்கிற வேலை இங்க சரிவராது, காத்தோட்டமும் ஃபேனும்தான் வேணும். மத்தியானம் பத்தரை பதினொண்டுக்கே தீனைத் தூக்கிட்டு நாலு மணிக்குப் பிறகு போடுறம், செமிக்கிற சூடும் சேரக்கூடாது. பாணந்துறை கிரிட் மின் நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலமை பதினொண்டு தாண்டி, அண்டைக்கு எங்கட கோழிகள் அஞ்சாவது கிழமையில நிண்டுது. ஃபேன் நிண்டு கொஞ்ச நேரத்தில செட்டையை விரிச்சு, கழுத்தை நீட்டி, மூச்சு வாங்கத் தொடங்கிட்டுது. ஒவ்வொண்டா ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுத் தூக்கி பலா மரத்துக்குக் கீழ நிழல்ல வலை கட்டி விட்டம், தண்ணிக்கு ஐஸ் போட்டம், என்ர மனுசன் மட்டையால விசுக்கிக்கொண்டே நிண்டார். ஒண்டும் சாகேல்ல. பெரிய பாரமான கோழியைக் காலில தூக்கித் தொங்கவிட்டுக் கொண்டு போறதைப் பாத்தா எனக்குத் தாங்காது, வெக்கை நேரத்தில அப்பிடிச் செய்தா கையிலயே செத்துப்போகும்.

இனி எல்லாரும் கேக்கிற ஹோர்மோன் கதை. மாமி முதல்தரம் வந்தப்போ, "பிள்ளை, இதுக்கு ஊசி போட்டுத்தானே ஊத வைக்கிறாங்களாம்" எண்டு கேட்டா. "இல்ல மாமி, நான்தானே ரெண்டு நேரமும் தீன் போடுறன், சோளமும் சோயாவும்தான் கூடுதலா இருக்கு" எண்டு பையைக் காட்டினன். இது முழுக்க வம்சத் தெரிவு, கெதியா வளர்ற கோழிகளையே தெரிஞ்செடுத்துத் தலைமுறை தலைமுறையா இனம் பெருக்கினது. கனடாவில அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில 1957, 1978, 2005 காலத்து இனங்கள் மூண்டையும் ஒரே தீன் குடுத்து வளர்த்துப் பாத்தினம், 56 நாளில வந்த எடை 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். அந்த வேகத்துக்கு இதயமும் காலும் கஷ்டப்படுது எண்டதுதான் உண்மையான கவலை, நல்லா நிண்ட கோழி திடீரெண்டு துடிச்சு மல்லாந்து விழுறதும் அதாலதான்.

அதனாலதான் ஆறு கிழமைக்கு மேல வைச்சிருக்க வேண்டாம் எண்டு சொல்லுறன். பாவம் எண்டு நினைச்சு விட்டா அதுக்குப் பிறகு அது படுற பாடுதான் பாவம், முட்டைக்கு வைச்சிருக்கலாம் எண்ட யோசினையும் சரிவராது. நாங்க 35 நாளில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டத் தொடங்கிறம், மிச்சத்துக்கு இடமும் கூடும். முதல்நாள் இரவு தீன் நிப்பாட்டி தண்ணி மட்டும் வையுங்கோ, வயிறு துப்புரவா இருக்கும். சுடுதண்ணி 60 பாகை அளவில ஒரு நிமிஷம் காணும், கொதிக்கக் கொதிக்கப் போட்டா தோல் கிழியும். வெட்டின உடன சமைக்காதீங்கோ, துப்புரவாக்கி ஒரு இரவு ஃபிரிஜ்ஜில வைச்சுட்டு அடுத்தநாள் கறி வைச்சா இறைச்சி மெதுமையா வரும்.

உமி எருவை நேர மரத்துக்குப் போடக்கூடாது, வேர் கருகும். குவிச்சு மூடி ரெண்டு மூண்டு மாசம் உக்க விட்டு வாழைக்கும் மரவள்ளிக்கும் போடுறம், உரம் வாங்கிறதே இல்ல இப்ப.