காதுக்குப் பின்னால் வலி: கழுத்தா, பல்லா, காதா?

போன ஐப்பசியில் வலது காதுக்குப் பின்னால், அந்த எலும்பு மேட்டில், வலி தொடங்கியது. எனக்கு சுகர் வந்து 12 வருடம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவன். குளிர்காற்றில் கழுத்து பிடித்துக்கொண்டது என்று நானே தீர்ப்பு எழுதி, தைலம் தேய்த்துப் படுத்துவிட்டேன். முந்தின வாரம் திற்பரப்பு அருவியில் குளித்ததும், காதில் போன தண்ணீரை பட்ஸ் விட்டுக் குடைந்ததும் நினைவுக்கே வரவில்லை.

கழுத்துப் பிடிப்பென்றால் தலையைத் திருப்பும்போது வலி கூடும், அமுக்கிவிட்டால் சுகமாக இருக்கும். பின்மண்டைக்கு ஏறும் நரம்பில் கோளாறென்றால் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று வந்து போகும். கடைவாய்ப்பல் சொத்தையும் காதுவரை இழுக்கும். அதைப் பல் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

என் வலி இதில் எதிலும் சேரவில்லை. பகலில் பரவாயில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். மென்றால் வலித்தது, காதுமடலைத் தொட்டால் உயிர் போனது. காய்ச்சல் இல்லையே என்ற தைரியம் வேறு. சுகர்காரர்களுக்குக் காதுத்துளைத் தோலில் வரும் தொற்று, காய்ச்சலே இல்லாமல் குருத்தெலும்பைத் தாண்டி மண்டையோட்டு எலும்புக்குள் இறங்கலாம். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. சுகரில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டிருக்கும், எதிர்ப்புச் சக்தியும் மந்தம், அதனால் அதற்குத் தடையில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் வெளியே வருகிறது. தொற்று அந்த நரம்பைத் தொட்டால் வாய் கோணிவிடும். எலும்புக்குப் போய்விட்டால் மருந்து நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில்.

ஆகவே சுகர் இருந்து, ராத்திரியில் கூடுகிற வலி என்றால் நான் காதுப்பக்கம்தான் சாய்வேன். கழுத்துவலியைக் காதென்று நினைத்து டாக்டரிடம் காட்டினால் போவது ஒரு காலைப்பொழுது. காதைக் கழுத்தென்று நினைத்தால் போவது எலும்பு.

காதுக்குப் பின்னால் வீங்கி, மடல் முன்னே தள்ளி நின்றால் நடுக்காதை ஒட்டிய அந்த மேட்டு எலும்பில் சீழ் இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். அக்கி எனக்கு வந்ததில்லை, கேட்டறிந்த வரையில்தான் சொல்கிறேன்: மடலில் கொப்புளம் வந்தாலோ முகம் ஒருபக்கம் இழுத்தாலோ 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

ஐந்தாம் நாள் எங்க அம்மை, “மக்களே, பூண்டு தட்டிப் போட்டு எண்ணெ காய்ச்சித் தாரேன், ரெண்டு சொட்டு விடு” என்றாள். நல்லவேளை, அதற்குள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விட்டேன். சுகர் 286. ஸ்கேனில் எலும்பு தப்பியிருந்தது. சொட்டு மருந்தும் மாத்திரையும் தந்து, எண்ணெய், தண்ணீர், பட்ஸ் எதுவும் காதுக்குள் போகக்கூடாது என்றார். சுகர்காரர்களுக்குக் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினதாலேயே இந்தத் தொற்று வந்ததுண்டாம்.

அம்மை காய்ச்சின எண்ணெயை இப்போது முட்டிக்குத் தேய்க்கிறேன்.