ஃபோம் செல்லா, மோனோட்யூபா: பாரம் ஏற்றிய பிராடோவுக்கு எந்த ஷாக்?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குப் போவதற்கென்றே டொயோட்டாவின் பிராடோ 150 வாங்குகிறவர்கள் முதலில் முன்பக்கத் தடுப்பான புல்பார் போடுவார்கள். அடுத்து ரூஃப் ரேக், டிராயர், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி. வண்டியின் பின்பக்கம் தொங்கிப்போய், எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் சஸ்பென்ஷன் ஞாபகம் வரும். நாங்களும் அந்த வரிசையில்தான் வந்தோம். கடையில் மூன்று வழி சொன்னார்கள்: இருக்கிற ஸ்பிரிங்குக்குள் ஏர்பேக் எனும் காற்றடைத்த பை, கனமான ஸ்பிரிங்கோடு ஃபோம் செல் ஷாக் (ஷாக் அப்சார்பர்), அதே ஸ்பிரிங்கோடு தனி எண்ணெய்க் குப்பி வைத்த மோனோட்யூப் ஷாக். இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. வண்டியில் எப்போதும் இருக்கும் கூடுதல் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் எடுக்க வேண்டும், பயணத்தின்போது மட்டும் ஏறும் எடைக்கு அல்ல. 400 கிலோவுக்கான ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் காலியாக ஓட்டினால் மாட்டுவண்டிதான். மறக்காமல் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். கம்பெனி அனுமதிக்கும் மொத்த எடை 2,990 கிலோ. காலி வண்டியே 2,300 கிலோ அளவில் இருக்கும். நாலு பேர், புல்பார், 60 லிட்டர் தண்ணீர், கூரையில் டயர் என்று சேர்த்தால் மிச்சம் சீக்கிரம் கரைந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றியதாலேயே சட்டப்படியான எடை கூடிவிடாது. அதற்கு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் கூட்டும் ஜிவிஎம் அப்கிரேடுக்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும்; வண்டி முதல்முறை பதிவாவதற்கு முன்பே செய்துகொண்டால் எல்லா மாநிலத்திலும் செல்லும்.

ஏர்பேக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிராடோ மாதிரி பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் பை காயிலுக்கு உள்ளேயே உட்காருவதால், பாரம் வழக்கமான இடத்தில்தான் இறங்குகிறது. ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற, பின்னால் சாமான் தொட்டி உள்ள டபுள் கேப் வண்டிகளின் கதை வேறு. அங்கே பின்னால் இருப்பது லாரியில் உள்ளதுபோல லீஃப் ஸ்பிரிங். அதன் இரண்டு முனைகளில் சேஸிஸ் தாங்க வேண்டிய பாரத்தை, ஏர்பேக் நடுவில் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் தொட்டி நிறையச் சாமான், அதற்கும் பின்னால் டிரெய்லரின் பாரம். ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினால் சேஸிஸ் அந்த இடத்தில் மடங்கும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சந்து மேலே அகலமாகிவிட்ட வண்டியைப் பார்த்தால் காரணம் ஊகிக்கலாம்.

இனி ஷாக். இதில் எல்லாமே சூட்டைப் பொறுத்தது. கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர், பேர்ட்ஸ்வில் டிராக் 517 கிலோமீட்டர். இந்த மண் சாலைகளில் குறுக்கே வரிவரியாக மேடு எழும்பி நிற்கும்; கொருகேஷன் என்பார்கள். அதன்மேல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு இருபது தடவைக்கு மேல் சக்கரம் குதிக்கும். ஒவ்வொரு குதியையும் ஷாக்தான் சூடாக மாற்றி வெளியே தள்ளுகிறது. எண்ணெய் கொதித்து நீர்த்துப்போய், அதில் காற்றும் கலந்தால் ஷாக் வெறும் குழாய். சிம்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகள் இருந்தாலும் அங்கே ஊர்ந்து போவதால் ஷாக் இந்த அளவுக்குச் சூடாவதில்லை. அதைச் சாகடிப்பது பாலைவனத்துக்குப் போகிற சாலை.

மோனோட்யூப் இதை அழகாகச் சமாளிக்கிறது. ஒரே குழாய், பிஸ்டன் வெளிச்சுவரை ஒட்டியே ஓடுவதால் சூடு நேராக வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறது. அழுத்தமான நைட்ரஜனை ஒரு மிதவைப் பிஸ்டன் எண்ணெயோடு கலக்காமல் பிரித்து வைக்கிறது. ஓல்ட் மேன் ஈமு என்ற பிராண்டின் பிபி-51 மாடல் போன்றவற்றில் கெட்டித்தன்மையைத் திருகி மாற்றவும் முடியும். நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டத்தில் அது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபோம் செல்லில் குழாய்க்குள் குழாய். இரண்டுக்கும் இடையே வாயு இருக்க வேண்டிய இடத்தில் அமுங்கி விரியும் ஃபோம். தனியாகக் காற்று இல்லாததால் எண்ணெய் நுரைப்பதில்லை; உடம்பு பருமனாக இருப்பதால் எண்ணெயும் அதிகம். ஆனால் சூடு ஆறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பிறகு ஏன் இது? பராமரிப்புதான் காரணம். முன் டயர் எறியும் கல் மோனோட்யூபின் உடம்பில் ஆழமாகக் குழி போட்டால் பிஸ்டன் அந்த இடத்தில் சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மோனோட்யூபின் சீல் எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய செம்மண் தூசி தண்டில் ஒட்டி உள்ளே போனால் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வெளியேறும். பிரித்து ரிப்பேர் செய்யலாம் என்று விளம்பரத்தில் இருக்கும், உண்மைதான். அதற்கு நைட்ரஜன் நிரப்பும் கருவியும் பழகிய கையும் உள்ள பட்டறை வேண்டும். பேர்ட்ஸ்வில்லில் வசிப்பதே நூறு பேர் அளவுக்குத்தான். ஷாக்கைக் கழற்றி அடிலெய்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை எதில் ஓட்டுவது? ஃபோம் செல்லை யாரும் ரிப்பேர் செய்வதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவார்கள். விலை குறைவு என்பதால் ஒரு பின் ஷாக்கையும் அதை மாட்டும் இடத்தில் வரும் சில ரப்பர் புஷ்களையும் துணியில் சுற்றி டிராயரின் அடியில் போட்டு வைத்திருக்கிறோம். பிராடோவின் பின்னால் ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு கழற்றினால் போதும், சாலையோரத்திலேயே மாற்றலாம். முன்பக்கம் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் பிரிக்கக் கூடாது, ஆளை அடித்துவிடும்.

எதைப் போட்டாலும் இதைச் செய்யுங்கள்: கொருகேஷனில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு ஷாக்கின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், கொப்பளித்துவிடும். ஒன்று மட்டும் ஆறிப்போயிருந்தால் அதற்கு ஓய்வு கிடைத்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். அது செத்துவிட்டது, மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. டயர் காற்றை 40 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறக்கி, வேகத்தை 60க்குக் கொண்டுவந்தால் ஃபோம் செல்லுக்கும் மோனோட்யூபுக்கும் உள்ள வித்தியாசம் பெருமளவு மறைந்துவிடும். வேகத்தைக் குறைக்க மனம் வராதவர்கள் மோனோட்யூபுக்கே காசு கொடுக்கட்டும்.

கேரவன் இழுக்கிறவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், நாங்கள் இழுத்ததில்லை. கேரவனை மாட்டும் டோ பாலில் இறங்கும் பாரம் பின் ஷாக்கை எவ்வளவு வாட்டும் என்பதை இழுத்து ஓட்டியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஃபோம் செல் எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கும் என்னிடம் உறுதியான பதில் இல்லை. எங்களுடையதில் இதுவரை எண்ணெய்க் கசிவு இல்லை. கீழ்ப்புஷ்கள் மட்டும் ஒருமுறை மாறியிருக்கின்றன.